காது, கண், மின்பொறியியல்: கேள்வி பதில்

புலன்கள் தகவலை எப்படி வாங்குகின்றன, எதைத் தள்ளிவிட்டு எதை மூளைக்கு அனுப்புகின்றன என்பதுதான் என் ஆராய்ச்சி. படித்தது ட்ரிபிள் ஈ, இப்போது பாடம் எடுப்பதும் மின்பொறியியல் துறையில்தான். கண்ணைப் பற்றி ஓரளவு தெரியும், காதைப் பற்றி நன்றாகவே தெரியும். இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் கேளுங்கள் என்றேன், நிறைய வந்துவிட்டது.

கேள்வி (ட்ரிபிள் ஈ மூன்றாம் ஆண்டு, மதுரை): மேடம், இது உயிரியல்காரர்கள் வேலை இல்லையா? நம் டிகிரியை வைத்துக்கொண்டு இதில் பேராசிரியர் ஆக முடியுமா?

முடியும். 1959-இல் தவளையின் கண் மூளைக்கு என்ன சொல்கிறது என்று நான்கு பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள்: லெட்வின், மட்டுரானா, மெக்கல்லக், பிட்ஸ். அமெரிக்காவின் எம்ஐடியில் செய்த வேலை. அது வெளிவந்தது மருத்துவ இதழில் இல்லை, ரேடியோ பொறியாளர்களின் ஐஆர்இ சங்க இதழில். அந்தச் சங்கம்தான் 1963-இல் இன்னொரு சங்கத்தோடு இணைந்து, இன்றைய மின்பொறியாளர் சங்கமான ஐஇஇஇ ஆனது.

தவளையின் பார்வை நரம்பில் மின்முனையை வைத்துப் பார்த்தபோது, அங்கே போவது ஒளியின் அளவு இல்லை என்று தெரிந்தது. ஒரு வகை இழை, சின்னதாகக் கருப்பாக ஏதாவது நகர்ந்தால் மட்டும் துடிக்கிறது, அறை வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் கண்டுகொள்வதில்லை. அதாவது கண் படத்தை அனுப்பவில்லை, "இங்கே பூச்சி மாதிரி ஒன்று" என்ற முடிவையே அனுப்புகிறது. நம் கண்ணிலும் ஒளியை வாங்கும் செல்கள் 10 கோடிக்கு மேல், வெளியே போகும் நரம்பு இழைகள் சுமார் 10 லட்சம். இத்தனையை அத்தனைக்குள் அடைப்பது எப்படி என்பது தகவல் கோட்பாட்டுக்கு 1948-இல் ஷானன் போட்ட அடித்தளத்தில் நிற்கிற கேள்வி. இது நம் வீட்டுக் கேள்வி, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், ப்ராபபிலிட்டி இரண்டையும் ஒழுங்காகப் படியுங்கள், உயிரியலைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். நான் அப்படித்தான் கற்றேன்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): பிஎச்டியில் எவ்வளவு கிடைக்கும்?

மத்திய அரசின் ஆராய்ச்சி உதவித்தொகையான ஜேஆர்எஃப் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், அடுத்த நிலையான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி.

கேள்வி (எம்இ மாணவி, திருச்சி): காதில் க்ளிக் ஒலி கொடுத்து மூளைத்தண்டின் மின் பதிலைப் பதிவு செய்கிறேன். விநாடிக்கு 25 க்ளிக், 1000 பதிவுகளின் சராசரி. ஆனாலும் அலைகளுக்குப் பதில் பெரிய சைன் அலை ஒன்று நிற்கிறது. அந்த ஒரு அதிர்வெண்ணை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டர் போடலாமா?

போடாதீர்கள், முதலில் சராசரி எடுக்காத கச்சாப் பதிவைத் திரையில் போட்டுப் பாருங்கள். நீங்கள் தேடும் ஐந்தாம் அலை, அதாவது மூளைத்தண்டுப் பதிலின் ஐந்தாவது மேடு, க்ளிக்குக்குப் பிறகு 6 மில்லி விநாடி வாக்கில் வரும், உயரம் அரை மைக்ரோவோல்ட் இருந்தால் பெரிது. சுற்றியுள்ள மூளை அலைகள் அதைவிடப் பல மடங்கு. 1000 முறை சராசரி எடுத்தால் தற்செயலான இரைச்சல் ஏறக்குறைய 32-இல் ஒரு பங்காகச் சுருங்கும், ஆனால் அது தற்செயலான இரைச்சலுக்கு மட்டும்தான். உங்கள் க்ளிக் 40 மில்லி விநாடிக்கு ஒன்று. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 40 மில்லி விநாடியில் சரியாக இரண்டு சுற்று. ஒவ்வொரு க்ளிக்கும் மெயின்ஸ் அலையின் ஒரே இடத்தில் விழுகிறது, அதனால் 1000 என்ன, லட்சம் முறை எடுத்தாலும் அது போகாது. வேகத்தை 21.1 ஆக மாற்றுங்கள், ஒவ்வொரு முறையும் க்ளிக் மெயின்ஸ் அலையின் வேறு இடத்தில் விழுந்து, அது தானே அடிபட்டுப்போகும். மருத்துவமனைக் கருவிகளில் 21.1, 27.7 என்று விநோதமான எண்கள் இருப்பதற்கு இதுதான் காரணம். அப்புறம் மின்முனை ஒயர்களை ஒன்றாக முறுக்கிவிடுங்கள், தோலைத் துடைத்து மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே வந்ததா என்று பாருங்கள், டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். ஃபில்டர் கடைசியில்தான், அதுவே அலை மாதிரி ஒன்றைக் கிளப்பிவிடும், நீங்கள் அதை ஐந்தாம் அலை என்று தீசிஸில் எழுதுவீர்கள்.

கேள்வி (இஎன்டி முதுநிலை மாணவர்): வணக்கம் மேடம். காது வெறும் வாங்கும் கருவி, ஒலிக்கேற்ப உள்காதின் சுருளான காக்லியாவில் அலை ஓடுகிறது, எந்த இடத்தில் உயர்கிறதோ அதுதான் அதிர்வெண். பெக்கேஷி இதற்காகத்தான் 1961-இல் நோபல் வாங்கினார். இதில் இன்ஜினியர் சேர்க்க என்ன இருக்கிறது?

டாக்டர், பெக்கேஷியே அந்த வேலையைத் தொடங்கியது புடாபெஸ்ட்டில், ஹங்கேரி தபால் துறையின் தொலைபேசி ஆய்வகத்தில். அலை ஓடுகிறது என்று அவர் கண்டது சரி. ஆனால் பார்த்தது இறந்தவர்களின் காதுகளில், அதுவும் மிகப் பெரிய ஒலி கொடுத்து. அங்கே அலையின் உச்சி அகலமாக, மொண்ணையாக இருந்தது. உயிருள்ள காது அருகருகே இருக்கிற இரண்டு ஸ்வரங்களைப் பிரிக்கிற கூர்மைக்கு அது போதவே போதாது.

1948-இல் தாமஸ் கோல்ட் இதைச் சொன்னார். போர்க்காலத்தில் ரேடார் வேலை பார்த்தவர், பிறகு வானியலுக்குப் போனவர். காக்லியா திரவத்துக்குள் இருக்கிறது, திரவம் அதிர்வை உடனே அமுக்கிவிடும், ஆகவே கூர்மை வேண்டுமென்றால் உள்ளே சக்தி கொடுக்கும் ஃபீட்பேக் இருந்தே தீர வேண்டும் என்றார். பழைய ரீஜெனரேட்டிவ் ரேடியோவில் இருந்தது அதே ஏற்பாடுதான். ஃபீட்பேக் கொஞ்சம் மிஞ்சினால் திருவிழா மைக் செட் ஊளையிடுமே, அதுபோலக் காதும் சில நேரம் தானே ஒலி எழுப்ப வேண்டும் என்றும் சொன்னார். முப்பது வருடம் கழித்து, 1978-இல், லண்டனில் டேவிட் கெம்ப் காதுத் துவாரத்தில் சிறிய மைக்கை வைத்து அந்த ஒலியைப் பதிவு செய்தார். இன்று பிறந்த குழந்தைக்கு நீங்கள் செய்யும் ஓஏஇ பரிசோதனை அதுதான்.

(டாக்டர் மீண்டும்): அது நடுக்காதிலிருந்து வரும் எதிரொலியாக ஏன் இருக்கக்கூடாது?

நல்ல கேள்வி, கெம்ப்பிடமும் பலர் கேட்டது. நடுக்காதிலிருந்து திரும்புவது ஓரிரு மில்லி விநாடியில் முடிந்துவிடும். இது 5 முதல் 15 மில்லி விநாடி தாமதித்து வருகிறது. கொடுக்கும் ஒலியை இரண்டு மடங்காக்கினால் எதிரொலியும் இரண்டு மடங்காக வேண்டும், இது ஆவதில்லை, ஒரு அளவுக்கு மேல் தேங்கிவிடுகிறது. உள்காது பழுதானவர்களிடம் வருவதே இல்லை. சிலருடைய காதில் ஒன்றுமே கொடுக்காமல் தொடர்ந்து ஒரு தொனி வருகிறது, அதை எந்த எதிரொலி என்பீர்கள்?

(இடையில் ஒருவர்): கோல்ட் வானியலாளர், கெம்ப் இயற்பியல் படித்தவர். எல்லாவற்றையும் ட்ரிபிள் ஈ கணக்கில் எழுதாதீர்கள்.

டிகிரிச் சான்றிதழைப் பற்றி நான் பேசவில்லை, கோல்ட் கையில் இருந்த கருவியைப் பற்றிப் பேசுகிறேன். அமுக்கம், கூர்மை, ஃபீட்பேக், நிலைத்தன்மை என்று யோசித்தவருக்கு அது தெரிந்தது, அப்படி யோசிக்காதவர்கள் முப்பது வருடம் தாண்டிப் போனார்கள். டிகிரியே வேண்டும் என்றால் இங்கெபோர்க் ஹோக்மாயரைப் பாருங்கள், வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் படித்தவர். அவரும் கணவரும் செய்த பல மின்முனை காக்லியர் இம்ப்ளான்ட், அதாவது காது கேளாதவரின் நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி, 1977 டிசம்பரில் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. 2013-இல் லாஸ்கர் மருத்துவ விருது பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

கேள்வி (ஈசிஈ, கோவை): ட்ரிபிள் ஈ அல்லது ஈசிஈ படித்து இதற்கு வர முடியுமா?

முதல் பதில்.

கேள்வி (சேலம்): பைத்தானா, மேட்லாபா?

எது தெரியுமோ அது. எதில் எழுதினாலும் முதல் வரி கச்சாப் பதிவை வரைந்து பார்ப்பதாக இருக்கட்டும்.

கேள்வி (ஐடி வேலையில் இருப்பவர்): ஏஐ பேச்சை மனிதனைப் போலவே புரிந்துகொள்கிறது. காதைப் படிப்பதில் இனி என்ன பயன்?

காது கேளாதவருக்கு இம்ப்ளான்ட் வைக்கும்போது அது பேச வேண்டியது அவருடைய நரம்போடு. சர்வரோடு இல்லை. சுமார் 30,000 நரம்பு இழைகள் இருந்த இடத்தில் நம்மிடம் இருப்பது 12 முதல் 22 மின்முனைகள். பேச்சு புரிகிறது, சங்கீதம் இன்னும் சரியாகப் போவதில்லை. அந்த வேலை முடியவில்லை.

கேள்வி (ஒரு தந்தை): பிறந்த குழந்தைக்கு ஓஏஇ-யில் "ரெஃபர்" (மேல் பரிசோதனை தேவை) என்று வந்திருக்கிறது. இம்ப்ளான்ட் தேவைப்படுமா?

நான் மருத்துவர் இல்லை, கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டைப் பாருங்கள் சார், இந்த வாரமே. பயப்பட வேண்டாம், பிறந்த புதிதில் காதில் திரவம் நின்றாலே இப்படி வரும், மறு பரிசோதனையில் பல குழந்தைகள் தேறிவிடும். ஆனால் "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்வதைக் கேட்டுத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று மாதத்துக்குள் முடிவு தெரிந்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பதுதான் நடைமுறை. மூளைத்தண்டுப் பரிசோதனையையும் கேட்டுச் செய்யுங்கள். ஓஏஇ நன்றாக இருந்தும் நரம்பில் கோளாறு இருக்கும் குழந்தைகள் உண்டு. தேவைப்பட்டால் குழந்தைகளுக்கான இம்ப்ளான்ட் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது.

கேள்வி (நான்கைந்து பேர்): கேட் மதிப்பெண், நல்ல கல்லூரி, எந்த ஐஐடி?

பட்டியல் போட மாட்டேன். கைடை நேரில் பாருங்கள், அங்கே இப்போது படிப்பவர்களிடம் தனியாகப் பேசுங்கள், அவர்கள் எடுத்த பதிவு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

(டாக்டர், கடைசியாக): சரி மேடம், ஃபீட்பேக்கை ஒப்புக்கொள்கிறேன். அந்தச் சக்தியைக் கொடுப்பது யார்?

காக்லியாவுக்குள் இருக்கும் வெளி ஹேர் செல்கள். மின்னழுத்தம் மாறினால் அவை நீளுகின்றன, சுருங்குகின்றன, 1980-களில் கண்டது இது. அதைச் செய்யும் புரதம் ப்ரெஸ்டின், 2000-இல் அடையாளம் கண்டார்கள். ஆனால் செல்லின் சவ்வு ஒரு கெபாசிட்டர், கூடவே ரெசிஸ்டன்ஸ், சேர்த்தால் இரண்டாம் ஆண்டு ஆர்சி சர்க்யூட். சில கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் மின்னழுத்தம் மங்கிவிட வேண்டும். வௌவாலோ 100 கிலோ ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தச் செல் உண்மையிலேயே தள்ளுகிறதா, வேறு வழியில் உதவுகிறதா என்று இன்னும் சண்டை ஓடுகிறது. நீங்கள் எந்தப் பக்கம் என்று யோசித்து எழுதுங்கள் டாக்டர், நான் தள்ளுகிறது என்ற பக்கம்.