முதலாளித்துவமும் கார்ப்பரேட்டிசமும்: சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: ஐயா, கார்ப்பரேட்டிசம் என்றால் பெரிய கம்பெனிகளின் ஆட்சிதானே? முதலாளித்துவம் முற்றினால் வருவது அதுதானே?

பதில்: பலரும் அப்படித்தான் பேசுகிறார்கள். வரலாற்றில் அந்தப் பெயரோடு வந்த ஏற்பாடு வேறு. முதலாளித்துவத்தில் விலையும் கூலியும் போட்டியிலும் பேரத்திலும் முடிவாகும். லாபமோ நட்டமோ பணம் போட்டவர் பாடு. கார்ப்பரேட்டிசத்திலும் சொத்து தனியாரிடம்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு தொழிலிலும் முதலாளிகளுக்கு ஒரு சங்கம், தொழிலாளர்களுக்கு ஒரு சங்கம் என்று அரசு அங்கீகரித்து, இரண்டையும் தன் கண்காணிப்பில் உட்கார வைக்கும். அங்கே முடிவாவது அந்தத் தொழில் முழுக்கக் கட்டுப்படுத்தும்.

கேள்வி: அரசும் கம்பெனிகளும் ஒன்று கலப்பதே ஃபாசிசம் என்று இத்தாலியின் சர்வாதிகாரி முசோலினியே சொன்னதாக ஒரு மேற்கோள் சுற்றுகிறதே?

பதில்: அவருடைய எழுத்திலோ பேச்சிலோ அதற்கு இதுவரை யாரும் மூலம் காட்டவில்லை. தயவுசெய்து பகிராதீர்கள். அவர் ஆண்ட இத்தாலியில் 1934இல் 22 'கார்ப்பரேஷன்'கள் அமைத்தார்கள். அவை கம்பெனிகள் அல்ல. தானியம், ஜவுளி, கட்டுமானம் என்று துறைவாரியான மன்றங்கள். இரு தரப்புப் பிரதிநிதிகளும், கூடவே கட்சிக்காரர்களும் அவற்றில் இருந்தார்கள்.

கேள்வி: அண்ணா, நான் மில் தொழிலாளி. இரண்டு தரப்பும் சமமாக உட்கார்ந்தால் எங்களுக்கு நல்லதுதானே?

பதில்: காகிதத்தில் சமம்தான் தம்பி. நடந்ததைப் பாருங்கள். 1925 அக்டோபரில் முதலாளிகள் கூட்டமைப்பும் ஃபாசிஸ்ட் தொழிற்சங்கங்களும் ரோமில் கைகோத்துக்கொண்டன. இனி இவர்கள் அவர்களோடு மட்டும், அவர்கள் இவர்களோடு மட்டும்தான் பேசுவார்கள். ஆலைகளில் தொழிலாளர்களே தேர்ந்தெடுத்த கமிட்டிகளும் ஒழிந்தன. அடுத்த ஏப்ரலில் வந்த சட்டப்படி ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரே சங்கத்துக்குத்தான் அங்கீகாரம். பத்தில் ஒரு தொழிலாளி சேர்ந்திருந்தாலே போதும், அந்தச் சங்கம் எல்லோர் பெயரிலும் ஒப்பந்தம் போடலாம். சேராதவரும் சந்தா கட்ட வேண்டும். வேலைநிறுத்தம் குற்றம், கதவடைப்பும் குற்றம்.

உங்கள் மில்லையே அங்கே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சங்கத் தலைவரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, மேலிருந்து அனுப்பியிருக்கிறார்கள். கூலி வெட்டு வருகிறது. 1927லும் 1930லும் அப்படித்தான் வந்தது. உங்கள் பெயரில் அதற்குத் தலையாட்டியவர் அந்தத் தலைவர். மெஷினை நிறுத்தினால் வழக்கு. வேறு சங்கம் தொடங்கலாம் என்றால் அதற்கு ஒப்பந்தம் போடும் உரிமையே கிடையாது. எதிர்த்தரப்பில் மட்டும் முதலாளிகள் தங்கள் பழைய கூட்டமைப்போடு, தங்கள் ஆட்களோடு உட்கார்ந்திருந்தார்கள். இதைத் தொழிலாளிக்குக் கிடைத்த சம இடம் என்று இன்றும் சிலர் புகழ்கிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது.

கேள்வி: அப்படியானால் முதலாளிக்குக் கொண்டாட்டம். அதுவும் முதலாளித்துவம்தானே?

பதில்: ஏற்கெனவே இருக்கிற முதலாளிக்குக் கொண்டாட்டம். புதிதாக வர நினைப்பவருக்கு இல்லை. 1933 ஜனவரியில் வந்த சட்டம், புது ஆலை கட்டவும் இருப்பதைப் பெரிதாக்கவும் அரசு அனுமதி வேண்டும் என்றது. வேரூன்றிய கம்பெனிகளுக்கு அது நல்ல வேலி. அதே மாதம் ஐ.ஆர்.ஐ. என்ற அரசு நிறுவனத்தைத் தொடங்கி, தள்ளாடிக்கொண்டிருந்த மூன்று பெரிய வங்கிகள் கையிலிருந்த தொழிற்சாலைப் பங்குகளை அதில் இறக்கினார்கள். போட்டி இல்லை, நட்டமும் பொதுப்பணத்தில். இதை எப்படி முதலாளித்துவம் என்பது?

கேள்வி: நம்ம லைசன்ஸ் ராஜ்?

பதில்: 1951 சட்டப்படி அன்று ஆலைக்கு லைசன்ஸ் வேண்டியிருந்தது என்ற அளவில் ஒற்றுமை உண்டு. ஆனால் இங்கே ஒரே ஆலை வாசலில் நாலு சங்கம் கொடி நட்டது, ஸ்ட்ரைக்கும் செய்தது. கார்ப்பரேட்டிசம் என்ற பெயர் அதற்குப் பொருந்தாது.

கேள்வி: அரசு, முதலாளி, தொழிலாளி என்று முத்தரப்புப் பேச்சு என்றாலே சர்வாதிகாரமா? சுவீடனில் நன்றாகத்தானே நடக்கிறது?

பதில்: இல்லவே இல்லை. 1938இல் ஸ்டாக்ஹோம் பக்கத்தில் சால்ட்ஷோபாடன் என்ற ஊரில் முதலாளிகள் கூட்டமைப்பும் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் தாங்களாகவே ஒப்பந்தம் போட்டன. அரசு கையெழுத்துப் போடவில்லை. இன்றும் அங்கே குறைந்தபட்சக் கூலிக்குச் சட்டம் கிடையாது, சங்க ஒப்பந்தம்தான். பிடிக்காதவர் சங்கத்தை விட்டு விலகலாம், தலைவரை மாற்றலாம், அரசையே ஓட்டுப்போட்டு இறக்கலாம். இத்தாலியத் தொழிலாளிக்கு இந்த மூன்றும் இல்லை. ஆய்வாளர்கள் இந்தச் சுவீடன் முறையையும் ஒருவகைக் கார்ப்பரேட்டிசம் என்பார்கள்; நான் இரண்டையும் ஒரே பெயரில் சேர்க்கத் தயங்குவேன்.

கேள்வி: சரி, இன்றைக்கு அரசு கம்பெனிகளைக் கைதூக்கி விடுகிறதே, அதற்கு என்ன பெயர்?

பதில்: சலுகை முதலாளித்துவம் என்பேன். அரசும் கம்பெனியும் பேசி முடிக்கும் இடத்தில் தொழிலாளிக்கு நாற்காலியே கிடையாது, அதனால் கார்ப்பரேட்டிசம் ஆகாது. ஓர் உதாரணம்: 2008 செப்டம்பர் 15 அன்று லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க முதலீட்டு வங்கி திவாலானது. மறுநாளே ஏஐஜி காப்பீட்டு நிறுவனத்துக்கு அமெரிக்க மத்திய வங்கி 8,500 கோடி டாலர் கடன் அறிவித்து, பதிலுக்கு அதன் பங்கில் ஏறக்குறைய 80 சதவீதத்தை அரசுக்கு வாங்கிக்கொண்டது. அந்தப் பணம் பிற்பாடு திரும்பி வந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் யார் விழலாம், யாரைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று அந்த இரண்டு நாளில் முடிவு செய்தவர்கள் கருவூலத்திலும் மத்திய வங்கியிலும் இருந்த ஒரு சிலர்தான்.