பள்ளிக்கூடத்துக் கண்ணாடிக் கதவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த ‘தி பிளாப்’ (1958) என்ற அமெரிக்கத் திகில் படத்தைப் பார்த்தேன். பள்ளி மாணவனாக வரும் ஸ்டீவ் மெக்குவீனுக்கு அப்போதே இருபத்தேழு வயது. எல்லோருடைய நடிப்பும் மரக்கட்டை. அரக்கன் என்று வருவதோ ஒரு ஜெல்லி உருண்டை. கம்யூனிச பயத்தின் உருவகம் என்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

ச.

அன்புள்ள ச.,

சென்ற வாரம்தான் இந்தப் படத்தை மீண்டும் பார்த்தேன், அதனால் உடனே எழுதுகிறேன். நடிப்பைப் பற்றிச் சொன்னது சரி, அதை விடுங்கள். உருவகத்தைத்தான் ஏற்க மாட்டேன். விண்கல்லிலிருந்து வெளிவரும்போது அந்த ஜெல்லிக்கு நிறமில்லை. மனிதர்களை விழுங்கிய பிறகே சிவக்கிறது. அது ரத்தத்தின் சிவப்பு, கம்யூனிசத்தின் சிவப்பல்ல. கண்ணெதிரே நடப்பதைப் பார்க்காமல், எங்கோ படித்ததைத் தேடிக்கொண்டு படத்துக்குள் நுழைவது சோம்பேறித்தனம். நீங்கள் அதைச் செய்யலாமா?

பென்சில்வேனியாவில் கிறித்தவப் பிரசாரப் படங்கள் எடுத்துவந்த இர்வின் யேவொர்த்தின் சிறு குழு, ஏறத்தாழ 1,10,000 டாலரில் எடுத்த படம் இது. உணவகத்தின் புகைப்படத்தின் மேல் சாயமேற்றிய சிலிகோனை வைத்து, மேசையை ஆட்டி வழியவிட்டு, பதிவானதைப் பின்னிருந்து முன்னாக ஓட்டியதும் அது கட்டடத்தின் மேல் ஏறிவிட்டது. கெஞ்சிப் பார்க்க அதற்கு முகமில்லை என்பதே என்னை நடுங்கவைக்கிறது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதையல்ல, நம்பப்படாத பிள்ளைகளை. மருத்துவர் பலியாவதை ஸ்டீவ் ஜன்னல் வழியே காண்கிறான்; காவலர்கள் நம்புவதில்லை. கடைசியில் பிள்ளைகள் நள்ளிரவில் கார் ஹார்ன்களை அலறவிட்டு ஊரை எழுப்புகிறார்கள். என் பன்னிரண்டாம் வயதில், பக்கத்து வீட்டில் கேஸ் நாற்றம் வருகிறது என்று சொன்னேன். “போய்ப் படி” என்றார்கள். அன்றிரவு அந்த வீட்டுப் பாட்டியின் இரு கைகளும் வெந்துபோயின. ஏன் கத்தவில்லை என்று இன்றும் என்னைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதனால்தான் அந்தக் கண்ணாடிக் கதவு எனக்கு முக்கியம். குளிர்தான் அந்த ஜெல்லிக்கு ஆகாது என்று தெரிந்ததும், குளிர்ந்த வாயுவைப் பீய்ச்சும் தீயணைப்பான்கள் தேவைப்படுகின்றன; அவை இருக்கும் பள்ளியோ பூட்டிக் கிடக்கிறது. அதுவரை, ஸ்டீவின் தோழியான தன் மகளை அதட்டிக்கொண்டிருந்த தலைமையாசிரியரே, மாணவர்கள் பார்த்திருக்க, கல்லெடுத்துத் தன் பள்ளியின் கண்ணாடியை உடைக்கிறார். ஒரு பெரியவர் பிள்ளைகளின் சொல்லை நம்பிவிட்டார் என்பதை எந்த வசனமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது. அந்தக் காட்சியை மட்டுமாவது மறுபடி பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.