தண்ணீர் கேட்டு ஊர்வலம் போகும் முன்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டிலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். வயது 61. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த ஊர் நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமானதிலிருந்து தண்ணீர்க் கவலை அவரை விட்டபாடில்லை. இப்போது தெருக்காரர்கள் சேர்ந்து டர்பனில் கிங் டினுசுலு பூங்காவிலிருந்து நகர மண்டபம் வரை ஊர்வலம் போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். "எனக்கும் போக ஆசை. சர்க்கரை இருக்கிறது, முட்டிவலியும் உண்டு. 15 வயதுப் பேரனும் வருவேன் என்கிறான். மகள் பயப்படுகிறாள். நாங்கள் போகலாமா?" என்று கேட்கிறார்.

போகலாம் அம்மா, தாராளமாகப் போகலாம். ஆனால் எப்போது, எந்த வழியாக வீட்டுக்குத் திரும்புவது என்பதைப் புறப்படும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஊர்வலங்களில் முதலுதவிப் பையோடு பல வருடம் நடந்தவன் என்பதால் சொல்கிறேன். என்னிடம் அடிபட்டு வந்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் குறைவு. "எல்லாரும் நிற்கிறார்களே, நாமும் நிற்போம்" என்று நின்று, கூட்டம் கலைந்து ஓடும்போது எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் விழுந்தவர்கள்தான் அதிகம்.

ஆகவே முதல் வேலை, ஏற்பாட்டாளர்களிடம் கேட்பது. இந்த நாட்டு அரசியலமைப்பின் 17ஆவது பிரிவு ஆயுதமில்லாமல் அமைதியாகக் கூடும் உரிமையைத் தருகிறது. 15 பேருக்கு மேல் கூடுவதென்றால் 1993ஆம் ஆண்டின் கூட்டங்கள் சட்டப்படி நகராட்சிக்கு முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்க வேண்டும். பொதுவாக ஏழு நாள். அறிவிப்பு கொடுக்காததை மட்டும் வைத்து ஏற்பாட்டாளரைக் குற்றவாளியாக்க முடியாது என்று 2018இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருந்தாலும் அறிவிப்பு கொடுத்த ஊர்வலத்துக்கே போங்கள். அங்கேதான் பாதை, முடியும் நேரம், போக்குவரத்தை நிறுத்தும் இடங்கள் எல்லாம் போலீஸோடு பேசி வைத்திருப்பார்கள். மார்ஷல்கள், அதாவது கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் தொண்டர்கள், எத்தனை பேர், எந்த நிற வெஸ்ட் போட்டிருப்பார்கள், திரும்பி வர டாக்ஸி எங்கே நிற்கும் என்பதையும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் அந்த ஊர்வலத்துக்கு உங்கள் முட்டியோடு போக வேண்டாம் என்பேன்.

கூட்டத்தின் ஓரமாக, நடைபாதைப் பக்கம் நடங்கள். நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு குறுக்குத் தெருவையும் கடக்கும்போது "இங்கே திரும்பினால் எங்கே போகும்?" என்று மனதில் பார்த்துக்கொண்டே போங்கள். பேரனோடு இரண்டு சந்திப்பிடங்களைப் பேசி வையுங்கள், ஒன்று பக்கத்தில், ஒன்று கொஞ்சம் தள்ளி. கூட்டம் அதிகமானால் போனில் பேச முடியாமல் போகலாம்.

உடம்பைப் பொறுத்தவரை, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இன்சுலின் போடுபவராகவோ சர்க்கரையை இறக்கும் சில மாத்திரைகள் எடுப்பவராகவோ இருந்தால், டர்பன் வெயிலில் நடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுக்கம், வியர்வை, தலைசுற்றல் வந்தால் உடனே இனிப்பு வேண்டும். நாலைந்து மிட்டாயும் ஒரு சிறிய பழச்சாறும் பையில் இருக்கட்டும். மருந்தை மருந்துக்கடை லேபிளோடு எடுத்துக்கொள்ளுங்கள், எங்காவது நிறுத்தி வைத்தாலும் உங்களுடையது என்று காட்டலாம். தண்ணீர் ஒரு லிட்டர். கால் முழுக்க மூடும் ஷூ, பருத்திச் சட்டை. சேலையும் செருப்பும் ஓடுவதற்கு உதவாது. கழுத்துச் சங்கிலி வீட்டிலேயே இருக்கட்டும்.

முகத்தை மூடிக்கொண்டு நடக்காதீர்கள். அடையாளம் தெரியாதபடி முகத்தை மறைப்பதை அதே கூட்டங்கள் சட்டம் தடுக்கிறது. ஒரு கைக்குட்டை பையில் இருந்தால் போதும், புகை வந்தால் எடுத்து மூக்கில் வைத்துக்கொள்ளலாம்.

கண்ணீர்ப்புகை வந்தால் காற்று வீசும் திசையைப் பார்த்து, புகை வராத பக்கமாக, மேடான இடத்துக்கு நடங்கள். ஓடினால் மூச்சு வாங்கி இன்னும் அதிகமாக உள்ளே போகும். கண்ணைக் கசக்காதீர்கள், வெறும் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். பால் ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம். அது சுத்தமானது என்று நம்ப முடியாது. எண்ணெய்ப் பசையுள்ள க்ரீம் பூசிக்கொண்டு போகாதீர்கள், புகையில் உள்ள ரசாயனம் அதில் ஒட்டிக்கொள்ளும். காண்டாக்ட் லென்ஸ் போட்டுப் போகாதீர்கள். பெரும்பாலோருக்கு அரை மணி நேரத்தில் எரிச்சல் அடங்கும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் ஆம்புலன்ஸ், 10177.

"ரப்பர் குண்டுதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2011 ஏப்ரலில் ஃபிக்ஸ்பர்க்கில் தண்ணீர் உள்ளிட்ட அடிப்படை வசதிகள் கேட்டு நடந்த போராட்டத்தில்தான் ஆண்ட்ரீஸ் டட்டானே என்ற ஆசிரியர் போலீஸ் தடியடிக்கும் ரப்பர் குண்டுக்கும் ஆளாகி இறந்தார். அவர் கேட்டதும் இதைத்தான். அதனால்தான் கலைந்து போகச் சொல்லும் அறிவிப்பைக் கேட்டதும் நீங்கள் நகர வேண்டும் என்கிறேன். சட்டப்படி அதை இரண்டு அதிகாரபூர்வ மொழிகளிலாவது சத்தமாகச் சொல்லி, போக நியாயமான அவகாசம் தர வேண்டும். டர்பனில் பெரும்பாலும் ஆங்கிலமும் ஜூலுவுமாக இருக்கும். அந்த அவகாசம் உங்களுக்குரியது. அதைப் பயன்படுத்திக் கிளம்புவது கோழைத்தனம் ஆகாது.

1946இல் இதே டர்பனில் கேல் தெருவும் அம்பிலோ சாலையும் சந்திக்கும் இடத்தில் இந்தியர் நிலம் வாங்கவும் குடியிருக்கவும் தடை போட்ட சட்டத்தை எதிர்த்து நம் பெரியவர்கள் கூடாரம் அடித்துச் சத்தியாகிரகம் செய்தார்களே, டாக்டர் குணம் போன்ற பெண்களும் சிறை போனார்களே, அவர்களும் அணி அணியாகத் திட்டமிட்டுத்தான் போனார்கள்.

போலீஸ் பிடித்துவிட்டால் எதிர்க்காதீர்கள், ஓடாதீர்கள். பெயரும் முகவரியும் சொல்லுங்கள். நடந்ததைப் பற்றி வழக்கறிஞர் வரும்வரை எதுவும் பேச வேண்டியதில்லை, மௌனமாக இருப்பது உங்கள் உரிமை. 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்பது பொது விதி. வார இறுதியில் கொஞ்சம் நீளலாம். உங்கள் மருந்தைக் கேட்டு வாங்கவும் உரிமை உண்டு. அரசு சட்ட உதவி எண் 0800 110 110. அதையும் மகளின் எண்ணையும் அழியாத பேனாவால் கையில் எழுதிக்கொள்ளுங்கள், போன் கையில் இருக்காது. அப்புறம் ஒன்று, இதை நிறையப் பேர் தெரியாமல் செய்துவிடுகிறார்கள்: "அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்" என்று ஒரு தாளை நீட்டினால் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். அது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகலாம், உங்கள் பெயரில் குற்றப்பதிவு ஏறலாம். வழக்கறிஞரைக் கேட்ட பிறகே கையெழுத்து.

பேரன் விஷயம். அவனுடைய தண்ணீரும்தானே, வரட்டும். ஆனால் நீங்கள் "போகலாம்" என்றால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் கூட வருவேன் என்று முந்தின நாளே சொல்ல வேண்டும். கல்லை எடுக்கும் பையன்கள் பக்கத்தில் நிற்கவே கூடாது. 18 வயதுக்குக் கீழே இருப்பவரைப் பெரியவர்களோடு சேர்த்து அடைக்கக் கூடாது, பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும். இதை அவனுக்கும் சொல்லி வையுங்கள். அவனுடைய போனில் விரல்ரேகைப் பூட்டை எடுத்துவிட்டு எண் பூட்டு போடச் சொல்லுங்கள். பொது இடத்தில் நடப்பதைப் படம் பிடிக்கலாம். மற்றவர் முகம் தெரியும் படத்தை மட்டும் அன்றே எங்கும் போட வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் மகளுக்கு ஒரு போன். புகை பட்டிருந்தால் உடுப்பை வாசலிலேயே கழற்றித் தனியாகத் துவையுங்கள். குளிப்பதற்கு இரண்டு வாளித் தண்ணீரை முந்தின நாளே பிடித்து வைத்துவிடுங்கள் அம்மா, அன்றைக்குக் குழாயில் வருமோ என்னவோ.