ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் வீட்டுச் சோறு ஊர்ச்சோறு ஆன கதை

கேள்வி: பொங்கலுக்கு எங்கள் வீட்டில் சொந்தங்கள் கூடுவது வழக்கம். இப்போது தெருவே சாப்பிட வருகிறது. செலவும் வேலையும் அம்மா தலையில் விழுகிறது. இதை நிறுத்திவிடலாமா?

பதில்:

நிறுத்தாதீர்கள். ஆனால் அம்மாவை அடுப்படியிலிருந்து எழுப்பிவிடுங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் முடியும். எங்கள் ஊரில் முடிந்தது.

உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. விடிகாலை 3 மணிக்கு அம்மா எழுந்திருப்பார். வருகிறவர்கள் "பொங்கல் பிரமாதம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பாத்திரம் தேய்க்க ஒருவரும் நிற்க மாட்டார்கள். எங்கள் அப்பாயியும், அதாவது அப்பாவின் அம்மாவும், அப்படித்தான் இருந்தார்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்கு மேற்கே காவிரிக் கரையில் இருக்கிறது. ஆடி பிறந்ததும் அப்பாயி தன் மூன்று பெண்களையும் பிறந்த வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார். பதினெட்டாம் பெருக்கன்று அத்தைகள், மாமாக்கள், பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஏறக்குறைய 25 பேர் படித்துறைக்குப் போவோம். மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி, நாவல்பழம், பேரிக்காய், காப்பரிசி எல்லாம் வைத்துக் காவேரியம்மனுக்குப் படைப்போம். பெண்கள் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள். பையன்கள் சப்பரம் இழுப்பார்கள். அப்புறம் கரையிலேயே உட்கார்ந்து புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்சாதம். ஊரில் மற்ற வீடுகளும் இதையேதான் செய்தன, அவரவர் தூக்கோடு, தனித்தனியாக. 2012 வரை இது எங்கள் குடும்ப விசேஷம், அவ்வளவுதான்.

அந்த வருடம் எனக்குத் தலை ஆடி, கல்யாணமாகி வந்த முதல் ஆடி. தாலி பிரித்துக் கோர்க்க வேண்டிய நாளில் ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வழக்கமாக ஜூன் 12ல் திறக்க வேண்டிய மேட்டூர் அணையை அந்த வருடம் செப்டம்பர் 17ல்தான் திறந்தார்கள். பெருக்கோ ஆகஸ்ட் 2. பாதி ஊர் வீட்டுக் குழாயடியிலேயே படைத்துக்கொள்வது என்று இருந்துவிட்டது. அம்மாவும் அதையே சொன்னார். அப்பாயி கேட்கவில்லை. "தண்ணி இல்லேன்னா ஆறு இல்லேன்னு ஆயிடுமா?" என்று கேட்டுவிட்டு, சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு மணலில் இறங்கிவிட்டார்.

ஊற்றுத் தோண்ட அப்பாவும் மாமாக்களும் முயன்றார்கள். இடுப்பளவு தோண்டியும் வெறும் ஈரம்தான். அங்கே ஆடு ஓட்டி வந்திருந்த காலனிப் பையன்கள், அதாவது தலித் குடியிருப்புப் பையன்கள், நாலு பேர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அவர்களே வந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு, "இங்க வராதுங்க, அந்த வளைவுல வரும்" என்று சொல்லி, வேறு இடத்தில் தோண்டினார்கள். நெஞ்சளவு ஆழத்தில் தண்ணீர் ஊறியது. முதலில் கலங்கலாக, கொஞ்ச நேரத்தில் தெளிவாக. அந்தத் தண்ணீரைத் தெளித்துத்தான் என் கயிற்றைக் கோர்த்தார்கள். இன்றும் அது என் கழுத்தில் இருக்கிறது என்று எழுத ஆசைதான். கயிறு வருடா வருடம் மாறும். ஆனால் அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி மறக்கவில்லை.

ஊற்றில் தண்ணீர் வந்த செய்தி ஊருக்குள் போனதும் ஒவ்வொரு வீடாகப் பெண்கள் இறங்கி வந்தார்கள். இருந்தது ஒரே ஊற்று. அதனால் எல்லோரும் அதைச் சுற்றியே படைத்தார்கள். படைத்து முடித்ததும் அப்பாயி சொன்னது இது: "தோண்டுனவன் பசியோட நிக்கிறான். மொதல்ல அவனுக்குப் போடு." அந்த நாலு பேரும் எங்கள் வரிசையிலேயே உட்கார்ந்தார்கள். தாத்தாவின் தம்பி இலையை மடித்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அப்பாயியும் கூப்பிடவில்லை.

இதைப் படித்துவிட்டு, "உங்கள் குடும்பம் ஏதோ புரட்சி செய்ததுபோல எழுதுகிறீர்களே" என்று யாராவது கேட்பார்கள். அப்படிச் சொல்ல வரவில்லை. அன்று தோண்டியது அவர்கள், சோறு போட்டது நாங்கள், இரண்டில் எது பெரிய வேலை என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த வருடம் ஊரே தூக்கோடு வந்தது, காலனியிலிருந்தும் வந்தார்கள். ஆனால் அவர்கள் கொண்டுவந்த பாத்திரத்தை ஊர்த் தெருக்காரர்கள் தொடவில்லை. எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் தொடவில்லை. நான் கண்ணால் பார்த்தேன். அப்பாயி போய் அதில் ஒரு கை எடுத்துச் சாப்பிட்டார். அப்படியும் பாத்திரம் பாதிக்கு மேல் அப்படியே திரும்பிப் போனது. அந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்த அக்காவின் முகம் இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதற்கு அடுத்த வருடம் வந்த மாற்றத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல நினைத்தேன். யாரும் சமைத்துக் கொண்டுவரக் கூடாது என்று அப்பாயி சொல்லிவிட்டார். வீட்டுக்கு ஒரு படி அரிசி, முடிந்தால் கொஞ்சம் புளி, நல்லெண்ணெய், கடலைப்பருப்பு. எல்லாம் முதல் நாள் சாயங்காலமே வந்துவிட வேண்டும். ஒரே சாக்கில் கொட்டினால் எது யார் வீட்டு அரிசி என்று பிரிக்க முடியாது. கரையிலேயே கோட்டை அடுப்பு வெட்டி, ஒரே அண்டாவில் சமையல். கிளறுவது ஆண்கள், இரண்டு தெரு ஆண்களும். பெண்கள் அன்று ஆற்றுக்குப் படைப்பார்கள், சாப்பிடுவார்கள், பேசுவார்கள். அண்டா கழுவுவதும் ஆண்கள்தான். அத்தைகள் முதலில் கூச்சப்பட்டார்கள், இரண்டே வருடத்தில் பழகிவிட்டது.

2017ல் மறுபடி ஆற்றில் தண்ணீர் இல்லை, அந்த வருடமும் ஊற்றுதான். 2018ல் நேர்மாறு. ஜூலை 19ல் மேட்டூர் திறந்து, 23ல் அணை 120 அடியைத் தொட்டுவிட்டது. படியில் இறங்கவே பயமாக இருந்தது. கரைமேல் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அன்று கிட்டத்தட்ட 400 பேர். அப்பாயி பார்த்த கடைசிப் பெருக்கு அதுதான். 2020ல் ஊரடங்கு, ஆடிப் பதினெட்டு முழு அடைப்பு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அப்பா மட்டும் ஒரு சொம்புத் தண்ணீரை வாசலில் வைத்துக் கும்பிட்டார்.

இடையில் ஒரு ஆதங்கம், மன்னியுங்கள். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஆடிப் பதினெட்டுக்கு விடுப்புக் கேட்டால், "அது அரசு விடுமுறைப் பட்டியலில் இல்லையே" என்பார்கள். கல்யாண வரவேற்பு, வீடு குடிபோவது எல்லாம் காரணமாக எடுபடும். ஆற்றைக் கும்பிட ஊருக்குப் போகிறேன் என்றால் சிரிப்பார்கள். இரண்டு வருடம் காய்ச்சல் என்று பொய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். ஊர் போய்ச் சேரும்வரை மனசு கிடந்து அடித்துக்கொண்டது. டெல்டாக்காரர்களுக்கு இது தீபாவளிக்குக் குறைந்த நாள் இல்லை. சொன்னாலும் புரியாத இடத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருப்பது களைப்பாக இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தெரு வருகிறது என்றால் தெருவிடம் கேளுங்கள். பணமாகக் கேட்காதீர்கள். பணம் என்று வந்தால் கணக்கு, ரசீது, யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பேச்சு எல்லாம் கூடவே வரும். பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு கேளுங்கள். வீட்டுக்கு ஒரு படி என்றால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். வாடகை வீட்டில் தனியாக இருப்பவர் ஒரு கை வெல்லம் கொண்டுவந்தாலும் வாங்கி, அதே பானையில் போடுங்கள். அம்மா ருசி பார்த்துச் சொன்னால் போதும். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார், "என் கை பட்டால்தான் சரியா வரும்" என்பார். எங்கள் அப்பாயிகூட முதல் வருடம் அடுப்பைச் சுற்றி வந்துகொண்டே இருந்தார். நாற்காலி போட்டு உட்கார வைத்தோம்.

இன்னொன்று, கலந்த சாதமும் செய்வதாக இருந்தால் கூட்டத்துக்குத் தேங்காய்ச் சாதம் வேண்டாம். நாங்கள் ஒரு வருடம் செய்து, மதியம் வெயில் ஏறுவதற்குள் ஊசிப்போய், 10 கிலோ அரிசிச் சோற்றை மாட்டுக்கு வைத்தோம். புளியோதரைதான் தாங்கும். புளிக்காய்ச்சலை முதல் நாளே நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று இலையை மடித்துவிட்டுப் போன சின்னத் தாத்தா கடைசிவரை கரைக்கு வரவில்லை. அவருடைய மருமகள் இப்போது வருடா வருடம் முதல் ஆளாக அரிசி கொண்டுவந்து கொடுக்கிறார். ஒரு படி கேட்டால் இரண்டு படி அளந்து கொட்டுவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை.