அடுப்பு கேட்காத சூப்: கோடைக்கான கேள்வி பதில்

பாலக்கோடு: அக்கா, சூப்பைக் குளிரவைத்துக் குடிப்பார்களா? தக்காளி எங்கள் தோட்டத்திலேயே காய்க்கிறது. செய்முறை சொல்லுங்கள்.

ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில் கோடை முழுக்க இதுதான். கஸ்பாச்சோ என்பார்கள். வயலில் வேலை செய்தவர்களின் சாப்பாடு அது: காய்ந்த ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், வினிகர், உப்பு, தண்ணீர். அமெரிக்கக் கண்டத்துத் தக்காளி அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் அது சிவந்தது.

நான்கு பேருக்கு 1 கிலோ பழுத்த நாட்டுத் தக்காளி, ஒரு வெள்ளரிக்காய், பாதிக் குடைமிளகாய், ஒரே ஒரு பல் பூண்டு. பச்சைப் பூண்டு பிரிட்ஜில் இருக்க இருக்கக் காரமேறும், அதனால் இரண்டாவது பல்லைத் தொடாதீர்கள். காய்களை நறுக்கி உப்புத் தூவி அரை மணி நேரம் வையுங்கள். தக்காளி விடும் நீர்தான் சூப்புக்குத் தண்ணீர், வேறு ஊற்ற வேண்டாம். நனைத்த ரொட்டித் துண்டு ஒன்று, 2 மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து மிக்சியில் அரையுங்கள். மிக்சி ஓடும்போதே 4 மேசைக்கரண்டி எண்ணெயைச் சிறிது சிறிதாக விடுங்கள். சிவப்பு வெளுத்து ஆரஞ்சு நிறத்துக்கு வந்தால் எண்ணெய் கலந்துவிட்டது என்று பொருள். வடிகட்டி, மூன்று மணி நேரம் பிரிட்ஜில் வைத்து, குடிக்கும் முன் மறுபடி உப்புப் பாருங்கள். குளிர்ந்த பண்டத்தில் உப்பு மட்டாகத்தான் தெரியும்.

லாரிக்காகச் செங்காயாகப் பறித்த தக்காளி இதற்கு உதவாது. தோட்டம் வைத்திருப்பவர் நீங்கள், செடியிலேயே பழுக்க விடுங்கள்.

ஓசூர்: ஆலிவ் எண்ணெய் விலை கட்டுப்படியாகவில்லை. நல்லெண்ணெய் விடலாமா?

எள் வாசம் தக்காளியை அமுக்கிவிடும். வாசமில்லாத சூரியகாந்தி எண்ணெய் போதும்.

கிருஷ்ணகிரி: வெள்ளரிக்குப் பதில் சுரைக்காயைப் பச்சையாக அரைக்கலாமா?

வேண்டாம். கசப்புச் சுரைக்காய்ச் சாறு குடித்து நம் நாட்டில் உயிரிழந்தவர்கள் உண்டு. குக்கர்பிட்டசின் என்ற நஞ்சுதான் அந்தக் கசப்பு. வெள்ளரியும் அதே குடும்பம். அரைக்கும் முன் நுனியில் ஒரு துண்டு வெட்டி நாக்கில் வையுங்கள். கசந்தால் குப்பைக்கு.

பென்னாகரம்: எங்கள் வீட்டில் ரொட்டி வாங்குவதில்லை. கேழ்வரகு சேர்க்கலாமா?

நல்ல கேள்வி. எண்ணெயும் காய்நீரும் பிரியாமல் பிடித்து வைப்பதற்குத்தான் ரொட்டி. அந்த வேலையைக் களி இன்னும் நன்றாகச் செய்யும். இரவு தண்ணீரில் போட்ட களியிலிருந்து எலுமிச்சம்பழ அளவு எடுத்து அரையுங்கள். அது லேசாகப் புளித்திருக்கும், வினிகரைப் பாதியாக்குங்கள். பச்சை மாவைக் கொட்டினால் வாயில் நறநறக்கும்.

கடத்தூர்: களியைக் கரைத்தால் அது கூழ் அக்கா. ஸ்பெயின் பெயர் எதற்கு?

கூழுக்கு மாவு முதல், மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. இங்கே ஒரு கிலோ தக்காளிக்கு ஓர் உருண்டைக் களி. கூழை வேகவைத்துப் புளிக்கவைக்கிறோம். இது பச்சைக் காய், அன்றைக்கே குடித்துவிட வேண்டும்.

ஊத்தங்கரை: கடத்தூர்க்காரர் சொல்வதே சரி. மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, மோர் மிளகாய் வைத்துக்கொண்டால் உங்கள் சூப் தோற்றுவிடும்.

மோர் மிளகாயைப் பொரித்து மேலே நொறுக்கிப் போடுங்கள், நானே கேட்டு வாங்கிக் குடிப்பேன். அதற்காகத் தக்காளிச் சாறு கூழாகிவிடாது.

கடத்தூர்: வினிகர் இல்லாமல் நம் ஊர்ப் புளியைக் கரைத்து ஊற்றினால்?

புளி நிறத்தைக் கருக்கும், ரசத்தின் நினைப்பு வந்துவிடும். எலுமிச்சை பிழியுங்கள். நாட்டுத் தக்காளியே புளிப்பாக இருந்தால் அதுவும் வேண்டாம். கூழ் வழக்கு இத்துடன் தள்ளுபடி!

மொரப்பூர்: போர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஐஸ் கட்டியாக்கிப் போடலாமா?

நம் தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். கொதிக்கவைத்தால் அது போகாது; நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிக்க அந்த நீரையே பிடியுங்கள். சூப்புக்கு ஐஸே வேண்டாம், உருகி நீர்த்துவிடும்.

காரிமங்கலம்: வெள்ளரி கசந்தால் சர்க்கரை சேர்க்கலாமா?

கிருஷ்ணகிரிக்குச் சொன்னதைப் படியுங்கள். சர்க்கரை நஞ்சை மறைக்கும், முறிக்காது.

அரூர்: அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. இதைக் கொடுக்கலாமா?

தக்காளியில் பொட்டாசியம் உண்டு. பார்க்கும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு டம்ளர்கூடக் கொடுக்காதீர்கள்.

பர்கூர்: பீர்க்கங்காய் போடலாமா? கொஞ்சம்தான் கசக்கிறது.

குப்பைக்கு!

தர்மபுரி: காலையில் அரைத்து, மதியம் வரை சமையலறையில் மூடி வைக்கலாமா?

நம் வெயிலில் ஒரு மணி நேரம்தான் கணக்கு. கரண்ட் போனால் பிரிட்ஜ் கதவைத் திறக்காதீர்கள், நான்கு மணி நேரம் வரை தாங்கும். அதற்கு மேல் போனால் கொட்டிவிட்டுப் புதிதாக அரையுங்கள்.