அமெரிக்க மாநிலங்களின் 'வெளிநாட்டுச் சட்டத் தடை' என்றால் என்ன?

வெளிநாட்டில் நடந்த விவாகரத்து, அங்கே போட்ட ஒப்பந்தம் போன்ற வழக்குகளில் அமெரிக்க நீதிபதி அந்நாட்டுச் சட்டத்தையும் பார்க்க நேரிடும். அந்தச் சட்டம் அமெரிக்க அரசியலமைப்பு தரும் உரிமைகளைப் பறித்தால் ஏற்கக் கூடாது என்பதே இச்சட்டம். கல்யாண மண்டபம் மாதிரிதான்: உங்கள் வீட்டுச் சடங்கு எதையும் செய்யலாம், உள்ளே பட்டாசு மட்டும் கூடாது.

பெரும்பாலும் ஷரியா எனும் இஸ்லாமியச் சட்டம் பற்றிய பயமே காரணம். 2010இல் ஓக்லஹாமா ஷரியாவைப் பெயர் சொல்லியே தடுக்கப் பார்த்தது. வாக்களித்தவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் ஆதரித்தும், ஒரு மதத்தைக் குறிவைக்கிறது என்று கூட்டாட்சி நீதிமன்றம் நிறுத்திவிட்டது. உஷாரான கான்சாஸ், 2012இல் எந்த மதத்தையும் குறிப்பிடாமல் நிறைவேற்றியது. இத்தனைக்கும், அநியாயமான அயல்நாட்டுத் தீர்ப்பை மறுக்கும் அதிகாரம் நீதிபதிகளுக்கு முன்பே இருந்தது!

அப்புறம், கான்சாஸ் மாதிரியான சட்டத்தால் சென்னையில் நடந்த கல்யாணம் அங்கே செல்லாமல் போய்விடாது.