ஹோஷினோவின் கூடாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

புகைப்படக் கலைஞர் மிச்சியோ ஹோஷினோவின் அலாஸ்கா படங்களை நெடுநாளாகப் பார்த்துவருகிறேன். அவர் கரடி தாக்கி இறந்தவர் என்பது இப்போதுதான் தெரியவந்தது. கரடி கூடாரத்துக்குள் தலைநீட்டும் அவரது ‘கடைசிப் படம்’ வாட்ஸப்பில் வந்தது. கோடைதோறும் கரடிகளோடு தங்கி, கரடியாலேயே இறந்த திமோத்தி ட்ரெட்வெல்லையும் சேர்த்து, ‘கரடியோடு கொஞ்சினால் இப்படித்தான்’ என்று குழுவில் எழுதுகிறார்கள். மனம் கசந்துபோயிற்று. இவர்களுக்கு எப்படி அஞ்சலி செலுத்துவது? தவறைச் சுட்டினால் அவமதிப்பாகுமா? கரடி எதிரே வந்தால் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

க.

அன்புள்ள க.,

முதலில் அந்தப் படம். அது பொய். ஒரு போட்டிக்காகக் கணினியில் ஒட்டுப்போட்டுச் செய்தது. ஹோஷினோ தாக்கப்பட்டது 1996 ஆகஸ்ட் 8 அன்று, விடியுமுன் இருட்டில். அவர் கடைசி நொடியில் படம் எடுக்கவில்லை. ட்ரெட்வெல்லின் சாவைப் பதிவுசெய்த ஒலிநாடா உண்மையில் உண்டு, ஏறக்குறைய ஆறு நிமிடம். அது வெளியிடப்படவே இல்லை. அந்தப் பெயரில் உலவுபவை போலிகள். யார் அனுப்பினாலும் திறக்காதீர்கள், மேலே அனுப்பாதீர்கள். அஞ்சலி அங்கே தொடங்குகிறது.

தவறைச் சொல்வது அவமதிப்பு ஆகாது. எப்படி இறந்தார் என்பதை மழுப்பிவிட்டு ‘இயற்கையோடு கலந்தார்’ என்று எழுதுவதுதான் எனக்கு அவமதிப்பாகப் படுகிறது. அதைப் படித்துவிட்டு இன்னொருவர் அதே இடத்தில் கூடாரம் போடுவார். ஆனால் தவறை அளந்து சொல்ல வேண்டும். இரண்டு பேரையும் ஒரே வரியில் கட்டிப் பழிப்பது அநியாயம்.

ஹோஷினோ கவனமான மனிதர். 1978 முதல் அலாஸ்காவில் வாழ்ந்தவர். சால்மன் மீன் நிறைந்த காலத்தில் கரடி மனிதரைத் தேடி வராது என்பது அவர் கணக்கு. அங்கே அது சரியான கணக்கு. ஆனால் அவர் இறந்தது ரஷ்யாவின் காம்சாட்காவில், குரில் ஏரிக்கரையில். அந்த ஆண்டு மீன் வரத்து பிந்தியது. மனித உணவில் ருசி கண்ட ஒரு கரடி, உணவு வைத்திருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. உடன்வந்தவர்கள் மரக்குடிலில் தூங்க, இவர் வெளியே கூடாரத்தில் இருந்தார்.

ட்ரெட்வெல் கதை வேறு. அலாஸ்காவின் கட்மாய் தேசியப் பூங்காவில் 13 கோடைகள். இறந்த சமயத்தில் கரடி ஸ்பிரேயும் (கரடியின் முகத்தில் அடித்து விரட்டும் மிளகாய்க் காரக் குப்பி) இல்லை, மின்வேலியும் இல்லை. வழக்கமாக செப்டம்பரோடு கிளம்பிவிடுபவர், 2003இல் அக்டோபரிலும் அங்கே இருந்தார். குளிர்கால உறக்கத்துக்கு முன் கரடிகள் கிடைத்ததையெல்லாம் தின்று கொழுப்பு சேர்க்கும் நாட்கள் அவை. புதர் மண்டிய கரடித்தடங்களுக்கு நடுவே கூடாரம். அக்டோபர் 5 அன்று அவரோடு அவருடைய காதலி ஏமி ஹ்யூகனார்டும் இறந்தார். வயது 37. அஞ்சலிக் குறிப்புகள் பலவும் அவரை விட்டுவிடுகின்றன. இது எனக்கு ஆறாத வருத்தம். மீட்கச் சென்றவர்கள் இரண்டு கரடிகளைச் சுட்டுக்கொன்றார்கள். அதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. ஓடக்கூடாது. பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். தொலைவில் கண்டால் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே, முதுகைக் காட்டாமல் பின்வாங்குங்கள். ஸ்பிரே இடுப்பிலோ மார்பிலோ இருக்க வேண்டும். பைக்குள் கிடந்தால் எடுக்க நேரம் இருக்காது. பாய்ந்து வந்தால் பாதுகாப்புக் கிளிப்பைக் கழற்றி, ஏறக்குறைய 9 மீட்டரில் இருக்கும்போது, அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்து அடியுங்கள். மேகம்போல எழும் புகைக்குள் அது தானாக வந்து நுழைய வேண்டும். எதிர்க்காற்று என்றால் உங்கள் கண்ணிலும் படும், ஆனாலும் அடியுங்கள். கொசு மருந்துபோலக் கூடாரத்தின் மேல் தெளிப்பவர்கள் உண்டு. காய்ந்த ஸ்பிரேயின் வாசனை கரடியை இழுக்கும். காலாவதித் தேதியையும் பாருங்கள், உள்ளழுத்தம் குறைந்தால் தூரம் போகாது.

தொட்டுவிட்டால்? குட்டியைக் காக்கவோ திடுக்கிட்டோ தாக்கும் பழுப்புக் கரடி என்றால் குப்புறப் படுங்கள். முதுகுப்பையைக் கழற்ற வேண்டாம். பின்கழுத்தில் கைகோத்து, புரட்டமுடியாதபடி கால்களை அகட்டி வையுங்கள். அது விலகிப் போய்விட்டது என்று உறுதியாகும்வரை அசையாதீர்கள். அவசரமாக எழுந்து மறுபடி அடிபட்டவர்கள் உண்டு. இந்தியக் கரடியும் பெரும்பாலும் திடுக்கிட்டுத்தான் தாக்கும், முகத்தையும் தலையையும் குறிவைக்கும். அங்கும் முகத்தைத் தரையோடு அழுத்திக்கொள்வதே வழி. மரம் ஏறிப் பயனில்லை, அதுவும் ஏறும்.

இரவில் கூடாரத்துக்குள் வரும் கரடி மட்டும் வேறு. அது பயந்து வருவதில்லை, இரை தேடி வருகிறது. அப்போது செத்ததுபோலக் கிடக்கக்கூடாது. ஸ்பிரே, கத்தி, கல், கைக்கு எது கிடைத்தாலும் மூக்கிலும் கண்ணிலும் அடித்துப் போராட வேண்டும். அந்த நிலைமை வராமலிருக்க, சமைப்பதும் உணவை வைப்பதும் கூடாரத்திலிருந்து 90 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். பற்பசையும் உணவுக் கணக்கில்தான் சேரும்.

ஆகஸ்ட் 8 வரும்போது உங்கள் குழுவில் ஹோஷினோவின் கரிபு மான் மந்தைப் படம் ஒன்றைப் போடுங்கள். அடியில் மூன்று விஷயம் எழுதுங்கள்: மீன் பிந்திய ஏரி, உணவுக்குப் பழகிய கரடி, குடிலுக்கு வெளியே இருந்த கூடாரம்.